கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த பிரபலங்கள்

முன்னாள் ரிசப்ஷன்

சச்சினுக்கே யோசனை சொன்ன சென்னைக்காரரை மறந்திருக்க மாட்டீர்கள். 2019 டிசம்பரில் சச்சின் ட்விட்டரில் வீடியோ போட்டு அவரைத் தேடினார். ஒரு டெஸ்ட் தொடருக்காகத் தாஜ் கோரமண்டலில் தங்கியிருந்தபோது ஓட்டல் ஊழியர் ஒருவர் வந்து, முழங்கையில் கட்டும் எல்போ கார்டு போட்டால் உங்கள் பேட் ஸ்விங் மாறுகிறது என்றாராம். அது தனக்கு மட்டுமே தெரியும் என்று சச்சின் நினைத்துக்கொண்டிருந்த விஷயம். பிறகு அந்தக் கார்டையே மாற்றி வடிவமைத்துக்கொண்டார். காபி கொண்டுவந்தவர் என்று அவர் நினைவில் இருந்த ஆள், தேடிப் பிடித்தபோது செக்யூரிட்டி வேலையில் இருந்தவர் என்று தெரிந்தது.

அதைப் படித்த அன்று எனக்கு வயிறு எரிந்தது. நானும் வேறொரு பெரிய ஓட்டலில் பதினோரு வருஷம் ஃப்ரன்ட் ஆபீஸில் நின்றவன். ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசியதில்லை. முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதான்: தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதே. பெரிய நடிகர்கள் கவுன்ட்டர் பக்கமே வர மாட்டார்கள். சாவி கவரில் போய்விடும், கையெழுத்தை ரூமிலேயே வாங்கிக்கொள்வோம், ஆள் சமையல்கட்டைத் தாண்டி சர்வீஸ் லிஃப்டில் ஏறிவிடுவார்.

ஒருமுறை வெளிநாட்டுக் கிரிக்கெட் அணி வந்தது. அப்போதெல்லாம் வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்கும் சி-ஃபார்மைப் பதிய வேண்டும். அணி மேனேஜர் ஒரு ஜிப் பையில் எல்லார் பாஸ்போர்ட்டையும் கொண்டுவந்து கொட்டினார். பேட்ஸ்மேன்கள் கனவில் வந்து மிரட்டுகிற ஒரு வேகப்பந்து வீச்சாளரின் பாஸ்போர்ட்டும் அதில் இருந்தது. போட்டோவில் ஹால் டிக்கெட்டுக்குப் படம் பிடிக்க வந்த பையன் மாதிரி மிரண்டுபோய் இருந்தார்.

அன்று ராத்திரி அவரே கவுன்ட்டருக்கு வந்தார். சார்ஜர் நம்ம ஊர் பிளக்கில் நுழையவில்லை, அடாப்டர் வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். ரிஜிஸ்டரை நீட்டினேன், கையெழுத்துப் போட்டார். "குட் நைட்" என்றார், நானும் "குட் நைட் சார்" என்றேன். முடிந்தது. என் பீரோவில் இருக்க வேண்டிய ஆட்டோகிராஃப் ஓட்டலின் அடாப்டர் ரிஜிஸ்டரில் கிடக்கிறது. திருப்பிக் கொடுத்த தேதி என்ற கட்டம் காலி. கையோடு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார் மனுஷன்.

உங்களுக்கு என்ன நடந்தது, சொல்லுங்கள். பெயர் வேண்டாம், கிசுகிசுவும் வேண்டாம்.

பங்க் தம்பி

அண்ணே, எங்க பெட்ரோல் பங்க்குல 2012 வரைக்கும் யார் வந்தாங்கன்னே தெரியாது. கார் கண்ணாடியில கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகுதான் பின் சீட்டுல முகமே தெரிய ஆரம்பிச்சுது. ஆனா நான் சொல்ல வந்த ஆள் கார்ல வரல.

2016 நவம்பர். 500, 1000 செல்லாதுன்னு அறிவிச்ச அடுத்த நாள். பங்க்குல பழைய நோட்டு வாங்கலாம்னு இருந்ததால ரோடு வரைக்கும் கியூ. சில்லறை ஒருத்தர்கிட்டயும் இல்ல. ஸ்கூட்டர்ல ஒருத்தர் ஹெல்மெட்டோட வந்து 500-ஐ நீட்டி, "நூறு ரூபாய்க்குப் போடுப்பா"ன்னார். அந்தக் குரலை தியேட்டர்ல கேட்டா குழந்தைங்க அழும், அப்படிப்பட்ட வில்லன். எனக்குக் கை நடுங்கிப் போச்சு. "மீதி தர முடியாதுங்க சார், போட்டா ஐந்நூறுக்கும் போட்டுக்கணும்"னு எப்படியோ சொல்லிட்டேன். சரின்னு தலையாட்டினார்.

"ஜீரோ பாத்துக்கங்க சார்"னு சொல்லி ஆரம்பிச்சேன். அப்ப லிட்டர் எழுபது ரூபாய்க்குள்ளதான். ஐந்நூறுக்கு ஏழு லிட்டருக்கு மேல வரும், ஸ்கூட்டர் டேங்க் அஞ்சு லிட்டர் சொச்சம். வாய் வரைக்கும் வந்து நின்னுடுச்சு, மீட்டர்ல இன்னும் நூத்தி எழுபது ரூபாய் பாக்கி. என்னடா பண்றதுன்னு முழிச்சேன். அவர் பின்னாடி திரும்பிப் பார்த்தார். பழைய பைக்கைத் தள்ளிக்கிட்டே வந்த பையன் ஒருத்தன் நின்னான். "மீதிய அவனுக்கு ஊத்து"ன்னுட்டு ஸ்டார்ட் பண்ணிப் போயிட்டார். அந்தப் பையன், "யாருண்ணே அது, உங்க ஓனரா?"ன்னு கேட்டான். ஆமான்னு சொல்லிட்டேன். கியூ அப்படி, நின்னு கதை சொல்ல ஏது நேரம்?

சேலை செக்‌ஷன்

எங்க கடைக்கு ஒரு சீரியல் மாமியார் வருவாங்க. நேர்ல தங்கமான மனுஷி. சேலையை விரிச்சுக் காட்டிக்கிட்டு இருக்கும்போதே பக்கத்துல நின்ன ஒரு அம்மா வந்து, "அந்தப் புள்ளைய ஏன் இப்படிப் படுத்தற?"ன்னு சண்டைக்கே நின்னுட்டாங்க. இவங்க, "இந்த வாரத்தோட விட்டுடறேன்மா"ன்னு சொல்லித்தான் தப்பிச்சாங்க. பில்லுல ஒரு ரூபாய் தள்ளுபடி கேக்கல.

ஹெட்செட் காலம்

நான் முகத்தையே பார்த்ததில்லை. கிரெடிட் கார்டு கால் சென்டர், தமிழ் லைன், நைட் ஷிஃப்ட். ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு அம்மா, கல்யாண மண்டபத்தில் பர்ஸைத் தொலைத்துவிட்டு கார்டை பிளாக் பண்ணச் சொல்லிக் கூப்பிட்டார். ஸ்கிரீனில் வந்த பெயர் ஊருக்குத் தெரிந்த பெயர் இல்லை. ஆனால் "ஹலோ" என்ற ஒரு சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுச் சமையல்கட்டு ரேடியோவில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே பாடிக்கொண்டிருந்த குரல்.

வெரிஃபிகேஷன் கேட்டே ஆகணும். பிறந்த தேதி சொன்னார். அம்மா பெயர் கேட்டபோது கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகச் சொன்னார். கடைசியாகக் கார்டில் என்ன வாங்கினீர்கள் என்றேன். "முட்டி வலித் தைலம், 340 ரூபாய்." ஸ்கிரீனில் பார்த்தேன், மெடிக்கல் ஷாப், 340, சரி.

பிளாக் போடுவதற்காக இரண்டு நிமிஷம் ஹோல்டில் வைத்தேன். திரும்பி வந்து, "காத்திருந்ததற்கு நன்றி மேடம்" என்று ஸ்கிரிப்டை ஆரம்பிப்பதற்குள், "ஏம்மா, இந்த ட்யூனை யார் வாசிச்சது? ரெண்டாவது தடவை வரும்போது சுருதி இறங்குதே" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "மேடம், எங்கம்மா உங்க பாட்டுன்னா..." என்று இழுத்தேன். எந்தப் பாட்டு என்று கேட்டார். சொன்னேன். "அதுவா? ஜுரத்தோட பாடினது. ரெண்டாவது சரணத்துல மூச்சு வாங்கும், கேட்டுப் பாரு" என்று சிரித்துவிட்டு, "புதுக் கார்டு எப்ப வரும்?" என்றார். ஏழு வேலை நாளில் வரும் என்றேன். வைத்துவிட்டார்.

காலையில் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னால், "ஜுரமா? இருக்கவே இருக்காது" என்று என்னோடு சண்டை. பாட்டைப் போட்டு மூன்று தடவை கேட்டோம். எனக்கு மூச்சு வாங்குகிற மாதிரிதான் இருந்தது. அம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த ஃபோன் கால் பதிவை, தரம் பார்க்கிற க்யூ.ஏ. ஆட்கள் எடுத்துக் கேட்டுவிட்டார்கள். நூற்றுக்கு 82. வாடிக்கையாளரிடம் சொந்த விஷயம் பேசியதற்குக் குறைத்திருந்தார்கள்.

முன்னாள் ரிசப்ஷன்

82 கொடுத்தவரை என்னிடம் அனுப்புங்கள். அது சரி, அந்த ஹோல்ட் மியூசிக்கை மாற்றினார்களா இல்லையா?

ஹெட்செட் காலம்

டீம் லீடர் கிட்ட சொன்னேன் சார். வாடிக்கையாளர் கருத்து என்று ஃபார்மிலும் எழுதிக் கொடுத்தேன். நான் வேலையை விடுகிற வரைக்கும் ரெண்டாவது சுற்றில் அதே இடத்தில் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அவர் சொல்வதற்கு முன்னால் எனக்கு அது கேட்டதே இல்லை.