பிரேக் பிடிச்சா ஸ்டீயரிங் உதறுது: டிஸ்க்கைக் கடையலாமா, மாத்தணுமா?

கேள்வி:
பெட்ரோல் ஹேட்ச்பேக், 62,000 கி.மீ. ஓடியிருக்கு. முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். 80-க்கு மேல பிரேக் பிடிச்சா ஸ்டீயரிங் உதறுது. பேட் பாதி இருக்கு. டிஸ்க் பெண்ட், லேத்துல கடைஞ்சா போதும்னு மெக்கானிக் சொல்றார். சரியா?

பதில் 1:
ஸ்டீயரிங் உதறினா பெரும்பாலும் முன் டிஸ்க்தான். ஆனா பெண்ட்னு சொல்றது பல சமயம் பெண்டே இல்லைங்க, டிஸ்க்கோட தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். 0.02 மி.மீ. வித்தியாசமே உதறலுக்குப் போதும். தடவிப் பார்த்தா தெரியாது. அளக்காம லேத்துக்கு அனுப்பாதீங்க. மைக்ரோமீட்டர் வெச்சு, வெளி விளிம்புல இருந்து 10–15 மி.மீ. உள்ளே, சுத்தி எட்டு இடத்துல அளக்கணும். சாதா வெர்னியர் வேண்டாம். ஓரத்துல தேயாம நிக்கிற வரம்புல அது உட்கார்ந்து, தடிமனைக் கூட்டிக் காட்டும். மினிமம் தடிமன் டிஸ்க்லயே பொறிச்சிருக்கும். பக்கத்துக்கு 0.2 கடைஞ்சா மொத்தம் 0.4 போகும், அதுக்கப்புறமும் தேய இடம் வேணும். மெலிஞ்ச டிஸ்க் மலை இறக்கத்துல சீக்கிரம் சூடேறும்.

பதில் 2:
தடிமன் ஏன் மாறுச்சுன்னும் பாருங்க, இல்லேன்னா புது டிஸ்க்கும் சில ஆயிரம் கி.மீ.ல உதறும். ஹப் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டற மையப் பகுதி) முகத்துல துரு இருந்தா டிஸ்க் நேரா உட்காராது. பிரேக் மிதிக்காதப்பவும் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரே இடம் பேட்ல உரசித் தேயும். டிஸ்க்கை நட் போட்டு இறுக்கி, டயல் கேஜ் (நுணுக்கமான அசைவைக் காட்டற முள் கருவி) வெச்சு சுத்திப் பாருங்க. பல கார்களுக்கு 0.05–0.10 மி.மீ. வரைக்கும் ஆட்டம் (டிஸ்க் சுத்தறப்ப பக்கவாட்டுல அசையறது) சரி; உங்க வண்டி அளவு சர்வீஸ் மேனுவல்ல இருக்கும். காலிப்பர் (பேட்டை டிஸ்க்ல அழுத்தற பாகம்) நகர்ற பின்னை (pin) கையால தள்ளினா வழுக்கிப் போகணும். அதுக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும் போடுங்க, சாதா கிரீஸ் பட்டா ரப்பர் ஊதிடும்.

கேள்வி கேட்டவர்:
அளந்தாச்சு. மினிமம் 20. இடது 21.4, வலது 21.3. வலதுல 0.03 வித்தியாசம், ஆட்டம் 0.12.

பதில் 2:
கடையலாம், தடிமன் இருக்கு. முதல்ல ஹப்பை வயர் பிரஷ், எமரி போட்டு பளிச்சுன்னு துடைச்சு மறுபடி ஆட்டம் பாருங்க. குறையலேன்னா டிஸ்க்கை ஒரு போல்ட் ஓட்டை தள்ளி மாட்டிப் பாருங்க. அப்புறம் ரெண்டு டிஸ்க்கையும் சேர்த்தே கடையுங்க. முடிஞ்சா வண்டியிலேயே மாட்டிக் கடையற மெஷின் நல்லது, ஹப்போட ஆட்டமும் சேர்ந்து சரியாகும். வீல் நட்டை இம்பாக்ட் கன்ல இறுக்க விடாதீங்க. டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து இறுக்கற ஸ்பேனர்) வெச்சு, எதிரெதிரா இறுக்கணும்.

பதில் 1:
கழட்டும்போது காலிப்பரை பிரேக் ஹோஸ்ல தொங்க விடாதீங்க, கம்பியால கட்டுங்க. திரும்ப மாட்டறப்ப காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளினதால, வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி பெடல் கெட்டியாகற வரைக்கும் மிதிக்கணும். அப்புறம் பேட் டிஸ்க்ல நல்லா பதியறதுக்கு, காலி ரோட்டுல 60-ல இருந்து 20 வரைக்கும் மிதமா எட்டு, பத்து தடவை பிடிச்சு, நடுவுல ஆறவிடுங்க. சூடா இருக்கறப்ப பெடலை அழுத்திட்டே நிக்காதீங்க, பேட் ஒட்டின இடம் திட்டாகி மறுபடி உதறும்.