கணினித் தேர்வு: கேள்வி சரியில்லையா, தேர்வே சரியில்லையா?

உசிலை கணக்கு வாத்தியார்

எங்கள் பள்ளி ஹைடெக் லேபில் எட்டாம் வகுப்புக்கு 20 கேள்வியில் கணினித் தேர்வு நடந்தது. எல்லாப் பாடமும் கலந்தது. பாதிப் பேர் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதிப்பெண் மட்டும் அமோகம். தாளில் 1/2 + 1/3 போடத் தெரியாத பையன் இதில் 15 வாங்கியிருக்கிறான். எப்படிடா என்றால் "இங்கி பிங்கி பாங்கி போட்டேன் சார்" என்கிறான்.

நேராகவே சொல்கிறேன், நாலு விடையைக் கொடுத்து ஒன்றை அமுக்கச் சொல்வது தேர்வே இல்லை. 2x + 3 = 11 என்று கேட்டு 3, 4, 5, 7 என்று கொடுத்தால் எந்தப் பிள்ளை சமன்பாட்டைத் தீர்க்கும்? ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடும். வழிமுறை எழுத வைத்தால்தான் கணக்கு தெரியுமா தெரியாதா என்று தெரியும்.

மேலூர் டீச்சர்

சார், அந்தப் பையன் சும்மா சொல்கிறான். 20 கேள்வி, கேள்விக்கு நாலு விடை என்றால் குருட்டாம்போக்கில் அடித்துச் சராசரியாக 5தான் வரும். 35 சதவீதப் பாஸுக்கு 7 வேண்டும். அது ஐந்து பேரில் ஒருவருக்குக் கிடைத்துவிடும், அதுவே கொஞ்சம் கவலைதான். (40 கேள்வி வைத்தால் பத்தில் ஒருவர் என்று குறையும்.) ஆனால் 15 எல்லாம் அதிர்ஷ்டத்தில் வராது. பக்கத்து ஸ்கிரீனைப் பார்க்கவில்லை என்றால் கேள்வியே விடையைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. ரெண்டு மூணு கேள்வியை இங்கே போடுங்களேன்.

உசிலை கணக்கு வாத்தியார்

போடுகிறேன். எடுத்தது நான் இல்லை, யார் என்பதும் இங்கே வேண்டாம்.

1. மதுரையில் மகால் கட்டிய மன்னர் ____ நாயக்கர்.
அ) ராணி மங்கம்மாள் ஆ) திருமலை இ) பென்னிகுவிக் ஈ) மேற்கண்ட அனைவரும்

2. 1/2 + 1/3 = ?
அ) 47 ஆ) 0 இ) 5/6 ஈ) 100

3. ஒளிச்சேர்க்கை என்பது
அ) சுவாசம் ஆ) செரிமானம் இ) கழிவுநீக்கம் ஈ) பச்சைத் தாவரங்கள் சூரிய ஒளியின் உதவியால் நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் கொண்டு தமக்கான உணவைத் தயாரிக்கும் நிகழ்வு

மேலூர் டீச்சர்

பார்த்தீர்களா! முதல் கேள்வியில் "மன்னர்", "நாயக்கர்" ரெண்டும் சேர்ந்து மங்கம்மாளையும் பென்னிகுவிக்கையும் வெளியே தள்ளிவிட்டன. மகாலை வெளியே இருந்துகூடப் பார்க்காத பிள்ளை சரியாகப் போடும். தமிழில் கேள்வி எடுக்கும்போது இந்த ஆபத்து அதிகம். "கட்டினான்", "ஆண்டாள்" என்று ஆண்பால், பெண்பால் காட்டும் வினைமுற்று வந்தாலே பாதி விடை அவுட். மூன்றாவதில் நீளமான விடையே சரியான விடை. எடுத்தவர் சரியான விடைக்கு மட்டும் உழைத்திருக்கிறார், மற்ற மூன்றும் இடம் நிரப்ப வந்தவை.

ரெண்டாவதுதான் எனக்கு உண்மையில் கோபம். 47ம் 100ம் எந்தப் பிள்ளைக்கு வரும்? உங்கள் பழைய விடைத்தாளைப் புரட்டுங்கள். மேலோடு மேல், கீழோடு கீழ் கூட்டியவன் 2/5 போட்டிருப்பான். பெருக்கியவன் 1/6. பகுதியை 6 ஆக்கிவிட்டுத் தொகுதியை அப்படியே விட்டவன் 2/6. இந்த மூன்றையும் 5/6 பக்கத்தில் வைத்தால், தப்பாகப் போட்டவன்கூட எங்கே சறுக்கினான் என்று உங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் போவான். தவறான விடையை நாம் யோசித்து உருவாக்கக் கூடாது சார், பிள்ளைகளிடமிருந்து எடுக்க வேண்டும்.

தெப்பக்குளம் தம்பி

நான் சாஃப்ட்வேர் பக்கம். "மேற்கண்ட அனைவரும்" வைத்துவிட்டு விடை வரிசையைக் கலைக்கும் ஷஃபிளையும் ஆன் செய்கிறார்கள். சில பேருக்கு "மேற்கண்ட அனைவரும்" முதல் விடையாக வந்து நிற்கும். மேலே யாருமே இருக்க மாட்டார்கள்! "அ மற்றும் இ மட்டும்" என்ற விடைக்கும் இதே கதி.

உசிலை கணக்கு வாத்தியார்

டீச்சர், 2/5, 1/6 எல்லாம் நல்ல யோசனை. ஆனால் ஒரு கேள்விக்கு இவ்வளவு தேடினால் 20 கேள்விக்கு ஒரு வாரம் ஆகும். ஒரு முறை வைத்ததும் அடுத்த செக்‌ஷனுக்குக் கேள்வி போய்விடும், மறு வருஷம் கைடில் வந்துவிடும். புக் பேக் ஒரு மதிப்பெண் வினாவையே விடையின் எழுத்தோடு மனப்பாடம் செய்கிறவர்கள் நம் பிள்ளைகள். பேசாமல் விடையைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். அங்கே இங்கி பிங்கி நடக்காது.

தெப்பக்குளம் தம்பி

சார், எண் என்றால் சரி. ஜேஇஇ மெயினிலேயே எண்ணை உள்ளிடும் கேள்வி இருக்கிறது. தமிழ்ச் சொல் என்றால் படுத்திவிடும். "முல்லைப்பெரியாறு" என்று சேர்த்து ஒருவன் அடிப்பான், பிரித்து ஒருவன் அடிப்பான். ஔவையாரை "ஒளவையார்" என்று ஒகரமும் ளகரமும் போட்டு அடிக்கிறவர்கள் ஏராளம். அதைவிட மோசம், "கொடைக்கானல்" என்பதில் உள்ள கொ. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் ரெண்டும் அச்சு அசல் ஒன்றுதான். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரல் மட்டும் ஒன்றுக்கு மதிப்பெண் போட்டு இன்னொன்றுக்குச் சுழி போடும். ஒப்பிடும் முன் இரண்டையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படி இரண்டு விதமாக இருப்பதை ஒரே விதமாக்கும் முறை) மாற்றிவிட்டால் கொம்பு-கால் சிக்கல் தீரும். "ஒளவையார்" தீராது, அதையும் சரியான விடை என்று தனியாகத்தான் சேர்க்க வேண்டும்.

குரூப் ஃபோர் கனவு

எதற்கு இவ்வளவு சுற்று? மைனஸ் மார்க் வையுங்கள், குருட்டு அடி தானாக நிற்கும். நீட்டில் தப்புக்கு 1 கழிக்கிறார்களே.

மேலூர் டீச்சர்

தம்பி, நீட்டில் சரிக்கு 4, தப்புக்கு 1. நாலு கேள்வி குருட்டாக அடித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு. 4-ல் 3 போக 1 மிச்சம். அடித்தவனுக்கு லாபம்தான். லாபமே இல்லாமல் செய்ய, கேள்விக்கு ஒரு மதிப்பெண் என்றால் தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு கழிக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் பதிமூன்று வயதில் பயந்த பிள்ளை தெரிந்ததையும் விட்டுவிடும், துணிந்தது அடிக்கும். எனக்குப் பிள்ளையின் தைரியத்தை அளக்க வேண்டியதில்லை. டிஎன்பிஎஸ்சி மாதிரி "விடை தெரியவில்லை" என்று ஒன்று வைக்கலாம், வகுப்பில் அதையும் வெட்கப்படாமல் அமுக்கப் பழக்க வேண்டும்.

வாத்தியார் சாருக்கு: வழிமுறையையும் கேட்கலாம்.

2(x + 3) = 14
வரி 1: 2x + 3 = 14
வரி 2: 2x = 11
வரி 3: x = 5.5
முதலில் தப்பு நடந்தது எந்த வரியில்? நாலாவது விடை: எங்கும் தப்பில்லை.

இதில் எதைப் போட்டுப் பார்ப்பான்? எண்ணை மாற்றினால் அடுத்த செக்‌ஷனுக்குப் புதுக் கேள்வி. அப்புறம் தேர்வு முடிந்ததும் மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 27 சதவீதம், கீழே உள்ள 27 சதவீதம் என்று பிரித்து ஒவ்வொரு கேள்வியையும் பாருங்கள். கீழே உள்ளவர்கள் அதிகம் சரியாகப் போட்ட கேள்வி ஏதாவது இருந்தால் அதில் கோளாறு. 1939-லேயே கெல்லி என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் சொன்ன கணக்கு இது, எக்செல்லில் ஐந்து நிமிட வேலை.

உசிலை கணக்கு வாத்தியார்

எந்த வரியில் தப்பு என்பது அருமையான கேள்வி, நாளைக்கே வகுப்பில் கேட்பேன். ஆனாலும் அடுத்தவன் தப்பைப் பிடிப்பது வேறு, வெள்ளைத்தாளில் தானாக முதல் வரி எழுதுவது வேறு. அந்த முதல் வரியில்தான் எங்கள் பிள்ளைகள் நிற்கிறார்கள். 27 சதவீதக் கணக்கும் பெரிய கூட்டத்துக்குச் சரி. என் வகுப்பில் 40 பேர், மேலே 11, கீழே 11. கீழே ரெண்டு பேர் காப்பி அடித்தாலே கேள்வியின் தலையெழுத்து மாறிவிடும்.

15 கேள்வி கணினியில், 5 கணக்கு தாளில் வழிமுறையோடு. இதற்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

மேலூர் டீச்சர்

உங்கள் ஒரு வகுப்பை மட்டும் பார்த்தால் ஆடத்தான் செய்யும். அதே 15 கேள்வியை நானும் இங்கே வைக்கிறேன், ரெண்டு பள்ளியையும் சேர்த்துப் பார்ப்போம். தாளில் 5 கணக்கு எனக்கும் சம்மதம். அந்தத் தப்புகள்தான் அடுத்த தேர்வுக்கு விடைகளாகப் போகும், தாளைக் கட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள்.

தெப்பக்குளம் தம்பி

பின்னத்தைத் தட்டச்சு செய்யச் சொல்வதாக இருந்தால் ஒன்று முடிவு செய்யுங்கள்: 10/12 என்று அடித்தால் மதிப்பெண் உண்டா?

உசிலை கணக்கு வாத்தியார்

சுருக்கச் சொல்லியிருந்தால் கிடையாது. சொல்லாவிட்டால் முழு மதிப்பெண்.