சப்குரூப்ல (ட்ரையல்ல இருக்கறவங்கள்ல பிரிச்சு எடுத்த ஒரு சின்ன குரூப்ல) மட்டும் மருந்து வேலை செஞ்சா நம்பலாமா?

ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட்:
எம்எஸ்சி ஸ்டாட்ஸ் முடிச்சுட்டு ஓஎம்ஆர்ல கிளினிக்கல் எஸ்ஏஎஸ் (மருந்து ட்ரையல் டேட்டாவ அலசுற சாப்ட்வேர்) வேலைக்கு வந்து ஆறு மாசம் ஆகுது. ஒரு ட்ரையல் டேட்டா, மொத்தமா பாத்தா மருந்துக்கும் பிளாசிபோவுக்கும் (மருந்தே இல்லாத டம்மி மாத்திரை) பெருசா வித்தியாசமே இல்ல. சும்மா இருக்காம வயசு, சுகர், பிபி, எடைன்னு 14 வகையா பிரிச்சு ஓட்டினேன், 60 தாண்டின லேடீஸ்ல மட்டும் பி வேல்யூ (மருந்து வேலையே செய்யலன்னாலும் தற்செயலா இவ்ளோ வித்தியாசம் வர சான்ஸ்) 0.03! துள்ளிக் குதிச்சு டீம் லீட் அக்காகிட்ட காட்டினா "குப்பைல போடுப்பா"ன்னுட்டாங்க. 0.05க்கு கீழ வந்தா சிக்னிபிகன்ட்னுதானே காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க?

பழைய_ஸ்டாட்_மாமா:
தம்பி, அந்த 0.05 ஒரே ஒரு கேள்வி கேட்டாதான். நீ கேட்டது 14. உள்ள இருக்கறது வெறும் மாவு மாத்திரையா இருந்தாலும் 14ல ஒண்ணாவது 0.05க்கு கீழ வர கிட்டத்தட்ட 51% சான்ஸ் இருக்கு, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத கேள்விங்கன்னு வெச்சுகிட்டா. ஐசிஸ்-2ன்னு ஒரு பெரிய ஆஸ்பிரின் ட்ரையல், அந்தக் கதை தெரியுமா? 1988ல வந்துச்சு, ஹார்ட் அட்டாக்னு சந்தேகப்பட்டு சேத்த 17,187 பேரு, ஆஸ்பிரின் போட்டவங்கள்ல அஞ்சு வாரத்துல இதய, ரத்தக்குழாய் சாவு 23% குறைஞ்சுது. ஜர்னல்காரங்க சப்குரூப் போடுங்கன்னு நச்சரிக்க, ட்ரையல் நடத்தினவங்க ராசி வாரியா பிரிச்சுப் போட்டுட்டாங்க, மிதுனம், துலாம்காரங்களுக்கு மட்டும் ஆஸ்பிரின் லேசா கெடுதல்னு வந்துச்சு (வெள்ளக்காரன் ராசிப்பா, நம்ம பஞ்சாங்கம் இல்ல). ராசிக்கும் மருந்துக்கும் என்னப்பா சம்பந்தம், பிரிச்சுக்கிட்டே போனா தற்செயலா இப்படித்தான் ஏதாவது வரும்.

பெரம்பூர்_பாபு:
நான் துலாம். ஸ்டென்ட் வெச்சதுலேர்ந்து தினம் ஆஸ்பிரின்தான், இப்ப ஏன்யா பயமுறுத்துறீங்க 😄

சேத்துப்பட்டு_வாசி:
அக்கா சொன்னது சரி, ஆனா "குப்பை"ன்னது கொஞ்சம் ஓவர். இந்த லேடீஸ் குரூப்ப தனியா பாப்போம்னு டேட்டாவ தொறக்கறதுக்கு முன்னாடியே பிளான்ல எழுதி வெச்சிருந்தா கதை வேற, இப்ப இது அடுத்த ட்ரையலுக்கு ஒரு கேள்வி, அவ்ளோதான். வித்தியாசம் வரலன்னா ரெண்டும் ஒண்ணுன்னும் அர்த்தம் இல்ல. எங்க ஏரியா டிபி சென்டர்ல 1956ல ஆரம்பிச்ச ட்ரையல எடுத்துக்கோங்க, வீட்லயே வெச்சு வைத்தியமா சானடோரியமான்னு (தங்கிப் பாக்கற டிபி ஆஸ்பத்திரி) 193 பேர குலுக்கல் முறைல பிரிச்சாங்க, ஒரு வருஷத்துல நோய் அடங்கினது வீட்ல 86%, சானடோரியத்துல 92%. அந்த 6% நிஜமா தற்செயலான்னு 193 பேர வெச்சு சொல்லவே முடியாது, வித்தியாசம் பாதியானா ஆளு நாலு மடங்கு வேணும். ஆனா வீட்ல இருந்த மத்தவங்களுக்கு நோய் கூடுதலா ஒட்டுச்சான்னும் கூடவே பாத்தாங்க, ஒட்டல, அதனாலதான் வீட்டு வைத்தியத்துக்கு உலகமே மாறுச்சு. ஆமா, உன் லேடீஸ் குரூப்ல எத்தன பேரு?

ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட்:
இப்பதான் எண்ணினேன், 38. ஒரே ஒருத்தங்க ரிசல்ட்ட மாத்திப் போட்டுப் பாத்தேன், 0.03 போயி 0.07ன்னு வருது. அக்காகிட்ட நாளைக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்கணும்.