அந்த 900 மீட்டர்

இரண்டாவது குறுக்குத்தெரு:
ஞாயிற்றுக்கிழமை நலச்சங்கக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "நம் பகுதிக்குப் புதிய தொடக்கப் பள்ளி எதற்கு? 900 மீட்டரில் அரசுப் பள்ளி இருக்கிறதே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் வேறு. நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்த மனுவை அங்கேயே மடித்துவிட்டார்கள். இரண்டு நாளாக எனக்கு வயிறு எரிகிறது.

சேலத்தில் கருப்பூர்ப் பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலைக்கு இந்தப் புறம் நாங்கள், அந்தப் புறம் பள்ளி. என் மகள் இரண்டாம் வகுப்பு. வீட்டிலிருந்து சர்வீஸ் ரோடு, பிறகு கீழ்ப்பாலம், பாலத்தைத் தாண்டியதும் மறுபுறச் சர்வீஸ் ரோட்டில் வந்த திசையிலேயே திரும்பிப் பாதித் தூரம். நேற்று சைக்கிளின் முன்சக்கரத்தில் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டி, உருட்டிக்கொண்டே போய்ச் சுற்றுகளை எண்ணினேன். 794 சுற்று. சுற்றுக்கு 2.23 மீட்டர். பெருக்கிப் பாருங்கள், 1,770 மீட்டர் வரும். 900 எங்கிருந்து வந்தது?

பழைய வாத்தியார்:
அந்தப் பெரியவர் நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம் அம்மா, எனக்கு ஒன்றும் கூச்சமில்லை. 34 ஆண்டுகள் பாடம் நடத்தியவன், அதில் 11 ஆண்டுகள் தலைமையாசிரியர். கைப்பேசி வரைபடத்தில் உங்கள் தெரு முனையில் ஒரு புள்ளி, பள்ளி வாசலில் ஒரு புள்ளி வைத்தேன். 900 மீட்டர் காட்டுகிறது. இயந்திரம் பொய் சொல்லாது, சைக்கிள் நாடா சொல்லலாம்.

அம்மாப்பேட்டைத் தறி:
வாத்தியார் ஐயா, காக்கைக்கும் கொக்குக்கும் பள்ளி திறப்பதாக இருந்தால் உங்கள் அளவு சரிதான்.

சட்டப்புத்தகம்:
இதில் சண்டைக்கே இடமில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009. அதற்கான 2010ஆம் ஆண்டு மத்திய விதிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டர், ஆறு முதல் எட்டு வரை 3 கிலோமீட்டர் என்று இருக்கிறது. இரண்டுமே 'நடந்து செல்லும் தூரம்'. அதே விதியில் இன்னொன்றும் உண்டு. வெள்ளம், மண்சரிவு, சாலையில்லாமை, பிள்ளைகள் வரும் வழியில் ஆபத்து என்றால் அந்த எல்லையை இன்னும் குறைத்துப் பள்ளியை அமைக்க வேண்டும். நடக்கும் தூரம் என்று எழுதிய பிறகு வான்வழி அளவுக்கு என்ன வேலை?

பழைய வாத்தியார்:
அது மத்திய விதி. தமிழ்நாட்டுக்கு 2011இல் தனி விதி வந்தது. எனக்குச் சட்டம் படித்துக் காட்டாதீர்கள் தம்பி, அந்தச் சுற்றறிக்கைகளை வரிசை எண் போட்டுக் கோப்பில் வைத்தவனே நான். மேலும் 900 மீட்டர் என்பது 900 மீட்டர்தான்.

சட்டப்புத்தகம்:
தமிழ்நாட்டு விதியிலும் தொடக்கப் பள்ளிக்கு அதே 1 கிலோமீட்டர்தான் ஐயா.

பழைய வாத்தியார்:
பார்த்தீர்களா! 900 அதற்குள் அடங்கிவிட்டது.

இரண்டாவது குறுக்குத்தெரு:
கடவுளே. 1,770 என்கிறேன். உருட்டி எண்ணியிருக்கிறேன். ஐப்பசி மழையில் அந்தக் கீழ்ப்பாலத்தில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். அது என் முழங்கால், என் மகளுக்கு இடுப்பு. அன்றைக்கு அடுத்த பாலம் வரை சுற்ற வேண்டும். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் காலை உணவு கொடுக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் முதல் மணிக்கு முன்னரே பரிமாறி முடித்துவிடுவார்கள். சுற்றி வரும் நாளில் என் மகளுக்குக் கிடைப்பது கழுவிக் கவிழ்த்த பாத்திரம்.

மனை எண் 47:
நான் அதே மனைப்பிரிவில் இடம் வாங்கியவன். விற்பனை நாளன்று பந்தல் போட்டு, சாப்பாடு போட்டு, பலகையில் 'பள்ளி, கல்லூரி மிக அருகில்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். கல்லூரி உண்மைதான், பல்கலைக்கழகமே இருக்கிறது. பெரியார் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க முடியுமா? மனை வரைபடத்தில் சாலை இருக்கிறது, பூங்கா இருக்கிறது. பள்ளிக்கு ஒரு சதுர அடி இல்லை. வீடுகள் எழும்பிய பிறகு இடம் தேடினால் விலை யாருக்குக் கட்டுப்படியாகும்?

அம்மாப்பேட்டைத் தறி:
அந்தப் பூங்கா இடம் சும்மாதானே கிடக்கிறது? சீமைக்கருவேலமும் உடைந்த பாட்டிலும். அதில் நாலு வகுப்பறை கட்டச் சொல்லுங்கள்.

மனை எண் 47:
அது திறந்தவெளி ஒதுக்கீடு. பெரிய மனைப்பிரிவு என்றால் 10 சதவீதம் ஒதுக்கித் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தே தீர வேண்டும். அங்கே கட்டடம் எழுப்ப முடியாது. என் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை.

அம்மாப்பேட்டைத் தறி:
நேர் எதிரேவா? அப்படிச் சொல்லுங்கள். மனைவிலை இறங்கிவிடும் என்று பயம்.

மனை எண் 47:
நான் வாங்கும்போது பூங்கா என்று சொல்லித்தான் கூடுதலாக வாங்கினார்கள். இதை உங்களிடம் விளக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

பழைய வாத்தியார்:
விஷயத்துக்கு வாருங்கள். புதிய பள்ளி, புதிய பள்ளி என்று குதிக்கிறீர்களே, என்ன கிடைக்கும் என்று தெரியுமா? 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான் சட்டப்படி. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லச் சொல்வார். நான் அப்படி இருந்திருக்கிறேன். ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக் காட்டிக்கொண்டே நான்காம் வகுப்புப் பையனின் வகுத்தலைத் தலைகீழாகப் படித்துத் திருத்தியிருக்கிறேன். அதே பிள்ளைகளை இப்போதிருக்கும் பள்ளியில் சேர்த்தால் எண்ணிக்கை கூடும், 90 தாண்டினால் நான்காவது ஆசிரியர், 120 தாண்டினால் ஐந்தாவது. மாடியில் இரண்டு அறை கட்டினால் முடிந்தது வேலை. கட்டடம் கேட்பது சுலபம், ஆள் கேட்பதுதான் கஷ்டம். இதைச் சங்கக் கூட்டத்தில் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. பொருளாளர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். போகட்டும். 900 மீட்டர் நடக்க முடியாத பிள்ளைக்குப் பள்ளி வாசலுக்கு வந்தாலும் படிப்பு ஏறாது.

இரண்டாவது குறுக்குத்தெரு:
கடைசி வரியைத் திரும்பப் பெறுங்கள். என் மகள் வகுப்பில் முதல் பெண்.

பழைய வாத்தியார்:
பொதுவாகச் சொன்னேன்.

அம்மாப்பேட்டைத் தறி:
மாடியில் இரண்டு அறை என்பார்கள், நிதி வரும் வரை கீற்றுக் கொட்டகை போடுவார்கள். கும்பகோணம் 2004 மறந்துவிட்டதா? 94 பிள்ளைகள்.

பழைய வாத்தியார்:
அது அரசுப் பள்ளி அல்ல. அரசுப் பள்ளியில் கீற்றுக் கொட்டகை போட்ட தலைமையாசிரியர் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? எதற்கு எதை இழுக்கிறீர்கள்? உங்கள் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று முதலில் சொல்லுங்கள். மஞ்சள் வேன் காலையில் யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்று தெரு முழுவதற்கும் தெரியும்.

அம்மாப்பேட்டைத் தறி:
வேன் கட்டணம் கட்டுகிறவனுக்குத்தான் ஐயா தெரியும், பக்கத்தில் நல்ல பள்ளி இல்லாததன் விலை. தறி ஓட்டிச் சம்பாதித்ததைப் பாதி டீசலுக்குக் கொடுக்கிறேன்.

ஏற்காட்டுக் காப்பி:
மேலே உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். 1,770ஆம், 900ஆம். சேர்வராயன் மலையில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் முற்றம் பெருக்குகிற தூரம். காப்பித் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் காட்டெருமை நிற்கிறதா என்று பார்த்து, பெரிய பையன் முன்னால், சின்னவன் பின்னால் என்று போவார்கள். ஏற்காடு என்றால் ஊருக்கெல்லாம் விடுதிப் பள்ளிதான் நினைவுக்கு வரும். மாண்ட்போர்ட் 1917இல் வந்தது, எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். மலைக்காரன் பிள்ளை உண்டு உறைவிடப் பள்ளியில் இடம் கிடைத்தால் வீட்டைவிட்டு விடுதிக்குப் போகிறான், கிடைக்காவிட்டால் நடக்கிறான். ஏழு வயதில் தாயைப் பிரிந்து தங்குகிற பிள்ளைக்கு எந்த மீட்டரில் அளப்பீர்கள்? 1 கிலோமீட்டர் விதி எங்கள் மேட்டில் ஏறவே இல்லை.

பழைய வாத்தியார்:
நன்றாகச் சொன்னீர்கள். மலைப் பிள்ளை நடக்கிறது, சமதளத்துப் பிள்ளைக்கு 900 மீட்டர் கசக்கிறது.

ஏற்காட்டுக் காப்பி:
உங்களுக்கு ஆதரவாக நான் எழுதவில்லை ஐயா. எங்களுக்கும் பக்கத்தில் வேண்டும் என்றுதான் சொன்னேன்.

பழைய வாத்தியார்:
எழுதியது எழுதியதுதான். நான் ஐந்தாம் வகுப்புக்கு ஓமலூருக்குச் செருப்பில்லாமல் நடந்து போனவன். மணல் சுடும்போது ஆவாரம் தழையைக் காலில் கட்டிக்கொண்டோம்.

அம்மாப்பேட்டைத் தறி:
அப்போது நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போனதா?

பழைய வாத்தியார்:
கேள்விக்குப் பதில் வேண்டுமானால் மரியாதையாகக் கேளுங்கள்.

சட்டப்புத்தகம்:
யாராவது ஒருவர் 'நடந்து செல்லும் தூரம்' என்ற மூன்று சொல்லைப் படித்தீர்களா? இன்னொன்று. எவ்வளவு பிள்ளைகள் என்று திட்டமிடுகிறவர்கள் எந்தக் கணக்கை வைத்துத் திட்டமிடுவார்கள்? கையில் இருக்கும் குடிக்கணக்கு 2011. அதில் சேலம் மாநகரம் 8.29 லட்சம். அன்றைக்கு உங்கள் மனைப்பிரிவு நிலக்கடலைக் காடு. காட்டில் பிள்ளைகள் இல்லையென்றுதான் தாளில் இருக்கும். முதலில் தெருத் தெருவாகப் போய் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை எண்ணி மனுவோடு இணையுங்கள். தூரத்தைப் பிறகு பார்க்கலாம்.

இரண்டாவது குறுக்குத்தெரு:
எண்ணியாகிவிட்டது. எங்கள் ஆறு தெருவில் 83 பேர், அடுத்த மூன்று ஆண்டில் பள்ளி வயதுக்கு வருகிறவர்கள். மனுவின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. முதல் பக்கத்தோடு 900 என்று சொல்லி மடித்துவிட்டார்கள்.

மனை எண் 47:
83 என்றால் 60ஐத் தாண்டிவிட்டதே, மூன்று ஆசிரியர் ஆயிற்றே? வாத்தியார் ஐயா கணக்குப்படி?

பழைய வாத்தியார்:
83 பேரும் அரசுப் பள்ளிக்கு வருவார்கள் என்று பத்திரம் எழுதிக் கொடுப்பீர்களா? பாதிப் பேர் வேனில் ஏறிவிடுவார்கள். அதை விடுங்கள். அந்தச் சைக்கிளைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். சக்கரம் எத்தனை அங்குலம்?

இரண்டாவது குறுக்குத்தெரு:
28. என் மாமனாருடைய பழைய சைக்கிள்.

பழைய வாத்தியார்:
அந்தச் சைக்கிளை மாவு மில் வாசலில் பார்த்திருக்கிறேன். 26. ஒரு சுற்று 2.07 மீட்டர்தான். 1,644 வரும். 126 மீட்டர் கூட்டிச் சொல்லியிருக்கிறீர்கள். இப்படித்தான் மனு எழுதுகிறீர்களா?

அம்மாப்பேட்டைத் தறி:
1,644 என்றாலும் 900 இல்லையே ஐயா!

பழைய வாத்தியார்:
தவறான அளவை வைத்துக்கொண்டு என் அளவைத் தவறு என்று சொல்ல முடியாது. டயரில் காற்று எவ்வளவு இருந்தது என்பதையும் அவர் சொல்லவில்லை.

இரண்டாவது குறுக்குத்தெரு:
28. டயரிலேயே எழுதியிருக்கிறது. சனிக்கிழமை காலை ஏழரைக்குக் கீழ்ப்பாலத்தடியில் நிற்கிறேன். டேப்பை நீங்களே கொண்டுவாருங்கள்.

பழைய வாத்தியார்:
சனிக்கிழமை எனக்குக் கண் ஆஸ்பத்திரி. தவிர, வெயிலில் டேப் நீளும்.

மனை எண் 47:
ஏழரை மணிக்கு என்ன வெயில்?

பழைய வாத்தியார்:
நீங்கள் முதலில் போன பொங்கல் விழாவுக்கு ஒலிபெருக்கி வாடகை 2,400 ரூபாய் என்று எழுதிய கணக்கைக் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகு டேப்பைப் பற்றிப் பேசலாம்.