புதுப்பிப்பு: லைட்ரூம் புதுக் கணினிக்கு வந்துவிட்டது

படங்களை எடிட் செய்யும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கைப் புதுக் கணினிக்கு மாற்றினால், செய்து வைத்த எடிட் எல்லாம் போய்விடுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். போகவில்லை! எடிட் விவரம், லைட்ரூம் படங்களின் பட்டியலை வைத்திருக்கும் கேட்டலாக் கோப்பில்தான் இருக்கிறது. மென்பொருளை நிறுவிவிட்டு, கேட்டலாக்கையும் படங்களையும் வெளி ஹார்டு டிஸ்க் வழியாக நகலெடுத்தேன்.

திறந்ததும் எல்லா ஃபோல்டரிலும் கேள்விக்குறி. வயிற்றைக் கலக்கிவிட்டது. அப்புறம்தான் புரிந்தது: பழையதில் படங்கள் டி டிரைவில் இருந்தன, இங்கே இ டிரைவில்; லைட்ரூம் பழைய இடத்திலேயே தேடியிருக்கிறது. மேல் ஃபோல்டரில் வலது கிளிக் செய்து, 'ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்' கொடுத்து இடத்தைக் காட்டினேன். உள்ளே இருந்தவை தானாகச் சேர்ந்துகொண்டன. அப்பா அம்மா அறுபதாம் கல்யாணப் படத்தில், அம்மா முகத்து நிழலைக் குறைக்க வைத்த ஷாடோஸ் (நிழல் பகுதி) அளவு 35 அப்படியே இருக்கிறது.

ப்ரீசெட்டுகள் (மறுபடி பயன்படுத்தச் சேமித்து வைத்த எடிட் அமைப்புகள்) தனி ஃபோல்டரில் இருந்தன, அவற்றைத் தனியாக எடுத்து வந்தேன். பழைய கணினியை இன்னும் அழிக்கவில்லை.