டிஸ்மிஸ் ஆன கிரெடிட் கார்டு வழக்கு: புது ஏஜென்சி மறுபடி பணம் கேட்கலாமா?

கேள்வி:
அமெரிக்காவில், கடனை விலைக்கு வாங்கிய கம்பெனி போட்ட கிரெடிட் கார்டு வழக்கு டிஸ்மிஸ் ஆயிடுச்சு. இப்போ அதே பாக்கிக்கு வேறொரு கலெக்‌ஷன் ஏஜென்சி கடிதம் அனுப்புது. பதில் போடணுமா, பேசாம விட்டுடலாமா?

பதில் 1:
முதல்ல கோர்ட் கிளார்க் ஆபீஸில் உத்தரவோட நகலை வாங்குங்க. 'வித் ப்ரெஜுடிஸ்'னு இருந்தா அதே கடனுக்கு மறுபடி வழக்குப் போட முடியாது. 'வித்தவுட் ப்ரெஜுடிஸ்'னா காலவரம்பு முடியறதுக்குள்ள புதுசா போடலாம். கடன் கைமாறினதுக்கு ஆவணம் காட்ட முடியாம அவங்களே வாபஸ் வாங்கற வழக்கு பெரும்பாலும் இந்த ரெண்டாவது ரகம்தான். காலவரம்பு நியூயார்க்கில் 3 வருஷம், கலிஃபோர்னியா, டெக்சாஸில் 4.

பதில் 2:
பேசாம விடாதீங்க. கடன் வசூல் ஏஜென்சிகளைக் கட்டுப்படுத்தற 1977-ம் வருஷத்து ஃபேர் டெட் கலெக்‌ஷன் பிராக்டிசஸ் சட்டப்படி, வேலிடேஷன் நோட்டீஸ் (கடன் விவரம் சொல்லி ஏஜென்சி அனுப்பற கடிதம்) கிடைச்ச 30 நாளுக்குள்ள எழுத்துல மறுப்பு அனுப்பினா, ஆதாரம் தர்ற வரைக்கும் வசூலை நிறுத்தணும். போன்ல சொல்றதுக்கு இந்தப் பலன் கிடையாது. சர்டிஃபைட் மெயில், ரிட்டர்ன் ரிசீட்டோட அனுப்புங்க. வழக்கு எண், டிஸ்மிஸ் ஆன தேதி, உத்தரவின் நகல், 'இந்தக் கடனை மறுக்கிறேன், ஆதாரம் அனுப்பவும்'. அவ்வளவு போதும். 'இப்போ கையில காசில்ல'ங்கிற மாதிரி ஒரு வரிகூட வேண்டாம். கடனை எழுத்துல ஒத்துக்கிட்டாலோ, பத்து டாலர் கட்டினாலோகூட பல மாநிலங்கள்ல காலவரம்பு முதல்லேர்ந்து ஓட ஆரம்பிக்கும். போன்ல 'சின்னத் தொகையாவது கட்டுங்க'ன்னு குழைஞ்சு கேக்கறது சும்மா இல்ல.

கேட்டவர்:
பார்த்தேன், 'வித் ப்ரெஜுடிஸ்'தான். அப்போ புது சம்மன் வந்தா கண்டுக்காம விடலாம்தானே?

பதில் 1:
கூடவே கூடாது. பழைய ஃபைலை கோர்ட் தானாத் தேடிப் பார்க்காது. ஆன்சர், அதாவது எழுத்துமூலப் பதில், தாக்கல் பண்ணலைன்னா டிஃபால்ட் ஜட்ஜ்மென்ட் (உங்க பக்கம் கேக்காமலே எதிர்த் தீர்ப்பு) விழும். அப்புறம் பல மாநிலங்கள்ல சம்பளத்துலயே பிடிக்கலாம். சம்மன்ல போட்டிருக்கிற கெடுவுக்குள்ள ஆன்சர் போட்டு, 'ரெஸ் ஜுடிகாட்டா'வை (ஏற்கெனவே தீர்ப்பான விஷயத்துக்கு மறுபடி வழக்கு கூடாதுங்கிற விதி) தற்காப்பா எழுதி, பழைய உத்தரவை இணைங்க. எழுதாம விட்டா அந்த வாதமே கைவிட்டுப் போயிடும்.

பதில் 3:
பதில் 2-ல சொன்ன 1977 சட்டத்தை ஏஜென்சி மீறினா ஒரு வருஷத்துக்குள்ள நீங்க வழக்குப் போடலாம்: நஷ்டத்துக்கு மேல 1,000 டாலர் வரை, ஜெயிச்சா வக்கீல் ஃபீஸும். தன் கடனைத் தானே வசூலிக்கிற பேங்குக்கு இந்தச் சட்டம் பொதுவா பொருந்தாது. இன்னொண்ணு, டிஸ்மிஸ் ஆனதால கிரெடிட் ரிப்போர்ட் தானா சுத்தமாகாது. பழைய பாக்கிப் பதிவு சுமார் 7 வருஷம் இருக்கும். அது தவணை தவறின தேதியிலேர்ந்து எண்ணறது. கடன் வேற ஏஜென்சிக்குக் கைமாறினாலும் அந்தத் தேதி மாறக் கூடாது. புதுத் தேதி போட்டிருந்தா அந்த ரிப்போர்ட்டைத் தயாரிக்கிற கிரெடிட் பீரோவில் டிஸ்ப்யூட் போடுங்க.