முழு வெயிலிலும் பேட்டரி இறங்கிய அனுபவம் யாருக்காவது உண்டா?

பேனல்காரன்:
கல்லூரிச் செயற்கைக்கோளுக்குப் பவர் மாடல் ஓட்டிக்கொண்டிருந்தேன். 500 கி.மீ. உயரம், சுற்றுக்கு 94 நிமிடச் சொச்சம், அதில் 35 நிமிடம் பூமியின் நிழல். சிமுலிங்க் என்ற மாடலிங் மென்பொருளில் எல்லாரும் போடும் அதே பிளாக்குகள்தான். நிழல் முடிந்து வெயில் முழு அளவுக்கு வந்துவிட்டது. சோலார் பேனல் வோல்டேஜ் மட்டும் பேட்டரி வோல்டேஜோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. கரண்ட் முழுசாக வருகிறது, பவர் பாதிதான். மீதியைப் பேட்டரி கொடுத்துக்கொண்டே இருக்கிறது. "சால்வர் கோளாறுடா, கணக்குப் போடும் டைம் ஸ்டெப்பைக் குறை" என்றார் சீனியர் அண்ணன். குறைத்தும் அதே கதைதான். கடுப்பில் டிரான்ஸ்மிட்டர் லோடை ஒரு விநாடி வெட்டினேன். பேனல் வோல்டேஜ் கோடு விருட்டென்று மேலே ஏறியது. லோடை மறுபடி சேர்த்தும் இறங்கவில்லை! நிஜ ஹார்டுவேரில் இதைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

பஸ்பார்:
பார்த்திருக்கிறேன். சோலார் அரே சிமுலேட்டர் (நிஜப் பேனல் போலவே கரண்ட் தரும் சோதனைக் கருவி) பெட்டியில் முழு வெயில் செட்டிங், மீட்டரில் பாதி வாட். இது லாக்-அப். லோடுக்கு வோல்டேஜை மாற்றிக் கொடுக்கும் கன்வர்ட்டருக்கு எப்போதும் ஒரே பவர் வேண்டும். வோல்டேஜ் குறையக் குறைய அதிகக் கரண்ட் இழுத்துப் பேனலை இன்னும் கீழே அமுக்கும். எம்பிபிடி (பேனல் அதிகபட்ச பவர் தரும் வோல்டேஜைத் தேடிப் பிடிக்கும் டிராக்கர்) வைத்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது.

சுழல்பெட்டி:
அப்படி அடித்துச் சொல்லாதீர்கள் பஸ்பார். எங்கள் கியூப்சாட் (பெட்டி வடிவக் குட்டிச் செயற்கைக்கோள்) சுழன்றுகொண்டே இருக்கும். டிராக்கர் வோல்டேஜைத் தப்பான பக்கம் ஒரு படி நகர்த்தும் நேரம் பார்த்துப் பேனல் சூரியனை நோக்கித் திரும்பினால் பவர் கூடுமே, உடனே தான் போனதுதான் சரியான வழி என்று அதே பக்கம் போய்க்கொண்டே இருக்கும். திரையில் பார்த்துச் சிரித்தே விட்டோம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பேனல் வெப்பநிலையை 28 டிகிரியில் நிறுத்தி மாடல் ஓட்டாதீர்கள். நிழலை விட்டு வரும்போது பேனல் பூஜ்யத்துக்கும் கீழே கிடக்கும். விண்வெளிப் பேனல்களில் வரும் மூன்றடுக்கு டிரிபிள் ஜங்ஷன் செல்லில் ஒரு டிகிரி குறைந்தால் சுமார் 6 மில்லிவோல்ட் கூடும். வரிசைக்கு 7 செல், வெப்பநிலை 80 டிகிரி குறைகிறது என்றால் 3 வோல்ட்டுக்கு மேல் எகிறிவிடும். கன்வர்ட்டர் தாங்குமா என்று பாருங்கள். அப்புறம் சூரிய ஒளியையும் சதுர மீட்டருக்கு 1,361 வாட் என்றே வைக்காதீர்கள். ஜனவரியில் 1,410க்கு ஏறும், ஜூலையில் 1,320க்கு இறங்கும். செல் நாள்பட மங்குவதையும் சேர்க்க வேண்டும். அப்புறம் பேட்டரியின் உள்மின்தடை...

நிழல்நேரம்:
வைவாவில் எக்ஸ்டர்னல் ஒருவர் என் கிராஃபைப் பார்க்கவே இல்லை. "நிழல் நீண்டால் என்னம்மா ஆகும்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பிறகு 2022இல் மங்கள்யான் செய்தி வந்தது: 1 மணி 40 நிமிட நிழலைத் தாங்கும் வடிவமைப்பு, வந்ததோ ஏழரை மணி நேர நிழல். அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பேனல்காரன்:
@சுழல்பெட்டி, என் பேனல் சுழலாது சார். பஸ்பார், அந்தப் பெட்டியில் லோடை எந்த வோல்டேஜில் வெட்டினீர்கள்? அதைச் சொல்லுங்கள் போதும்.